சிவப்பு சுவிட்சும் வெள்ளைப் புள்ளியும்

போன ஞாயிற்றுக்கிழமை காலை எட்டேகால் மணிக்கு என் நோட்டுப் புத்தகம் எனக்கு எதிராகவே சாட்சி சொன்னது.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு அந்த நோட்டைத் தெரியும். குன்னூரில் மழை பிடித்த நாள், கேஸ் சிலிண்டர் மாற்றிய நாள், பக்கத்து வீட்டு நாய் குட்டி போட்ட நேரம்... எல்லாம் அதில் உண்டு. ஹாலில் இருக்கும் ஸ்டீரியோவுக்கு மட்டும் தனி நோட்டு.

ஸ்டீரியோ என்று ஒருமையில் சொல்வதே தப்பு. சூடாகி ஓடும் பழைய வால்வு ஆம்ப்ளிஃபையர் ஒன்று, ரெக்கார்டு பிளேயர், சி.டி. பிளேயர், போனிலிருந்து பாட்டை வாங்கிக்கொள்ளும் சின்னப் பெட்டி, ஸ்டெபிலைசர், இடுப்புயர ஸ்பீக்கர் இரண்டு. ரிமோட் நான்கு. இரண்டு ஸ்பீக்கருக்கும் சரிசமமான தூரத்தில், அளந்து போட்ட என் சாய்வு நாற்காலி. இதையெல்லாம் இயக்குவதற்குப் பதினான்கு படிகளில் ஒரு குறிப்பு எழுதி, லேமினேட் செய்து, சுவரில் மாட்டியிருந்தேன். மூன்றாம் திருத்தம், தேதியோடு. ஒன்பதாம் படி இது: ‘கறுப்பு ரிமோட்டை அழுத்தவும். சாம்பல் நிறம் அல்ல. தவறிச் சாம்பலை அழுத்திவிட்டால் மூன்றாம் படிக்குத் திரும்பவும்.’

தெளிவாகத்தானே இருக்கிறது?

ஜூலை முதல் வாரத்தில் ஒரு சாயங்காலம். ஆபீஸ் விட்டு வீட்டுக்குள் நுழைகிறேன், பாட்டுச் சத்தம். என் மனைவி சுகுணா வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக் கொடுப்பவள். ஹால் மூலையில் இருக்கும் தையல் மிஷின் மேல் ஓர் எவர்சில்வர் டம்ளர். அதற்குள் அவள் போன். டம்ளர்தான் ஸ்பீக்கர். பத்தடி தள்ளி என்னுடைய ஸ்பீக்கர்கள் இரண்டும் வாய் திறக்காமல் நின்றன.

“அதுல போட்டுக் கேக்கலாமே சுகுணா?”

“ஏனுங்க, உங்க பதினாலு படி ஏறி முடிக்கறதுக்குள்ள ரெண்டு ஜாக்கெட் தெச்சுருவேனுங்க.”

“அது கோயில்ம்மா,” என்றாள் கல்லூரியில் படிக்கும் மகள் நிவேதா. “படி ஏறித்தான் போகோணும். பூசாரியும் சாயங்காலம்தான் வருவாரு.”

சுகுணா சிரிக்கவில்லை. “பாதி ஹாலை அது புடிச்சுக்கிட்டு நிக்குது. நான் தரையில உக்காந்து துணி வெட்டிக்கிட்டு இருக்கேன். ஒரு மாசம் பாக்கறேனுங்க. உங்களைத் தவிர வேற யாராச்சும் அதைத் தொட்டாச் செரி. இல்லீன்னா மாடி ரூமுக்கு ஏத்திருங்க. நான் மேஜை போட்டுக்கறேன்.”

எங்கள் மாடி ரூம் எப்படிப்பட்டது என்று சொல்ல வேண்டும். மழைக்காலத்தில் அதன் சுவரில் விரலால் பெயர் எழுதலாம். இந்த மலையில் பெல்ட்டில் பூஞ்சை வரும், பாஸ்போர்ட்டில் பூஞ்சை வரும். பட்டுப்புடவையைக் காப்பாற்ற பீரோவுக்குள் பல்பு எரியவிடுகிற ஊர் இது. மாடிக்குப் போனால் என் ஆம்ப்ளிஃபையர் அடுத்த கோடையைப் பார்க்காது.

ஒரு ஞாயிறு முழுக்க உட்கார்ந்தேன். எல்லா இணைப்பையும் ஒரே சிவப்பு சுவிட்சுக்குக் கொண்டுவந்தேன். போன் தானாகவே பெட்டியோடு சேர்ந்துகொள்ளும்படி செய்தேன். நான்கு ரிமோட்டையும் டிராயரில் வைத்து மூடினேன். லேமினேட் அட்டையைக் கழற்றினேன்... கொஞ்சம் வலித்தது. கடைசியாக, எத்தனை மணி நேரம் ஓடியது என்று காட்டும் சின்ன மீட்டர் ஒன்றையும் பொருத்தினேன். ஆதாரம் வேண்டுமே.

“இதைப் போட்டாப் போதுங்களா?” என்றாள் சுகுணா.

“போதும்.”

“அப்பறம்?”

“அவ்வளவுதான்.”

“அப்ப இத்தனை நாளா எதுக்குங்க பதினாலு?”



முதல் வாரம் மீட்டரில் ஏறியதெல்லாம் நான் கேட்ட மணிகள்தான். பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை, நான் ஆபீசில் இருந்த நேரத்தில் ஆறு மணி நேரம் ஓடியிருந்தது. வெள்ளிக்கிழமை ஏழு. தேதி போட்டு எழுதிக்கொண்டேன். என்ன கேட்டாய் என்று வாய் திறக்கவில்லை. கேட்டால் நின்றுவிடுமோ என்று பயம்.

ஒரே ஒரு கவலை. ஆம்ப்ளிஃபையரின் பின்பக்கம், மேலே, காய்ந்த வெள்ளைப் புள்ளிகள். ‘பூஞ்சை. ஸ்பிரிட் வைத்துத் துடைத்தேன்’ என்று அந்த மாதத்தில் மூன்று முறை எழுதியிருக்கிறேன்.

போன ஞாயிறு கெடு முடிந்தது. டிபனுக்கு உட்கார்ந்ததும் நோட்டைத் திறந்து வாசித்தேன். “நான் இல்லாத நேரத்துல, பதினோரு நாள் ஓடியிருக்குது.”

சுகுணா என் தட்டில் இட்லி வைத்தாள். நிவேதாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “அப்பா, எந்தெந்த நாள்னு வாசிங்க.”

வாசித்தேன். அவள் எழுந்து போய்க் கிச்சன் காலண்டரைக் கழற்றிக்கொண்டு வந்து என் நோட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். அதே நாட்களில், சுகுணாவின் கையெழுத்தில், ‘மாவு’ ‘மாவு’ ‘மாவு’.

மழைக்காலத்தில் எங்கள் ஊரில் இட்லி மாவு பொங்காது. சட்டிக்கு ஸ்வெட்டர் சுற்றிவைப்பவர்கள் உண்டு. எங்கள் வீட்டில் அந்த மாதங்களில் சப்பாத்திதான்.

“வால்வுப் பக்கம் வெச்சா மாவு ஓரத்துல வெந்துபோகுதுங்க,” என்றாள் சுகுணா, மிக நிதானமாக. “பின்னால கனமா ஒரு பொட்டி இருக்குதில்லீங்க, அதுமேல வெச்சா ஆறு மணி நேரத்துல பொங்கிருது. மழை பலமா இருந்தா ஏழு.” ஆம்ப்ளிஃபையரின் டிரான்ஸ்ஃபார்மரைத்தான் சொல்கிறாள்.

“அப்ப அந்தப் பூஞ்சை?”

“வழிஞ்ச மாவுங்க. தொடைக்கலாம்னு வந்தா நீங்களே தொடைச்சிருந்தீங்க. பொறுப்பாத்தான் இருக்காருன்னு உட்டுட்டேன்.”

“மூணு வாரமா பூ மாதிரி இட்லி திங்கறீங்களே,” என்றாள் நிவேதா. “அது நோட்டுல இல்லீங்களாப்பா?”

இல்லை. இன்னொன்றும் இல்லை. காலண்டரில் இருந்தது பன்னிரண்டு நாள். ஒரு நாள் நான் மீட்டரைப் பார்க்க மறந்திருக்கிறேன்.

கேட்க வேண்டியதைக் கடைசியில் கேட்டேன். “அப்பப் பாட்டு யாருமே கேக்கலையா?”

“மொதல்ல சும்மாதான் ஓடுச்சுங்க. அப்பறம், ஓடறது ஓடுது, எதுக்கு வீணாப் போகோணும்னு பாட்டையும் போட்டுக்கிட்டேன். இப்பப் பாட்டு இல்லாம தைக்க வரமாட்டேங்குது.” சட்னியை என் பக்கம் நகர்த்திவிட்டுச் சொன்னாள்: “டம்ளரை விடத் தேவலைங்க.”

என் ஸ்பீக்கருக்குக் கிடைத்த ஆகப்பெரிய பாராட்டு.

ஒரு பொருளை வீட்டுக்காக எளிமையாக்கலாம். ஆனால் வீடு அதை எதற்கு எடுத்துக்கொள்ளும் என்பதற்கு நாம் குறிப்பு எழுத முடியாது.

“மேஜை?” என்றேன்.

“உங்க ஸ்டீரியோ இங்கேயே இருக்கட்டுங்க. சட்டியைத் தூக்கிக்கிட்டு மாடிக்கு யாரு ஏறுவா? உங்க நாற்காலி போகட்டும். அந்த எடத்துல மேஜை கச்சிதமா உக்காந்துக்கும்.”

நாற்காலி அன்றைக்கே மாடிக்குப் போனது. சாயங்காலம் இறங்கி வந்து பார்த்தேன். லேமினேட் அட்டை இருந்த ஆணியில் காலண்டர் தாள் ஒன்று, சுகுணாவின் எழுத்தில்:

‘1. சிவப்பு சுவிட்ச் போடவும். 2. சட்டிக்கு அடியில் தட்டு வைக்கவும்.’

தேதி இல்லை. அதை மட்டும் நான் எழுதினேன்.