நெல்லுக்கு மேல் என் முகம்

சில வருடங்களுக்கு முன், உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வந்த மறுநாள், கல்முனையில் எங்கள் தெருமுனையில் என் முகம் ஆளுயரத்துக்குத் தொங்கியது. மூன்று பாடத்திலும் ஏ. வாப்பாவின் தம்பிக்கு, அதாவது என் சாச்சாவுக்குத் தலைகால் புரியவில்லை. யாரையும் கேட்காமல் என் பாடசாலைப் படத்தைக் கொடுத்து, 'எதிர்கால வைத்தியர்' என்று பெரிய பேனர் அடித்துக் கட்டிவிட்டார். படத்தில் எனக்கு ஒரு கண் பாதி மூடியிருந்தது. வெட்கம்தான். ஆனாலும் கடைக்குப் போகும் வேலை இல்லாத நாளிலும் அந்த வழியாகத்தான் போய்வந்தேன்.

ஒரு கிழமை போயிருக்கும். பல்கலைக்கழக விண்ணப்பத்தை நிரப்பித் தர மாமி மகள் வந்திருந்தா. ஆசிரியை அவ.

"பொதுப் பரீட்சைக்கு எத்தின மார்க்ஸ் புள்ள?" என்று கேட்டா.

அப்போதுதான் போனில் பெறுபேற்றைக் கீழ்வரை இழுத்துப் பார்த்தோம். இருபத்தெட்டு. மூன்று பாடத்தோடு சேர்த்து எழுதும் அந்தப் பொதுத் தாளில் நூற்றுக்கு முப்பது எடுக்காவிட்டால், எத்தனை ஏ இருந்தாலும் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கத் தகுதி இல்லை. அதை எங்கள் பக்கம் யாரும் உட்கார்ந்து படிப்பதில்லை. நானும் அடுத்து வரும் இரசாயனவியலை நினைத்துக்கொண்டு, கண்ட விடைக்கெல்லாம் புள்ளடி போட்டுவிட்டு எழும்பி வந்தவள்தான். யானை நுழைந்துவிட்டது, வால் மாட்டிக்கொண்டது.

உம்மா அழுதா. எனக்கோ மார்க்கை விட அந்தப் பேனர்தான் நெஞ்சைக் குடைந்தது. ஊரே பார்த்ததே! அடுத்த நாள் அது அங்கே இல்லை. வாப்பா அவிழ்த்துவிட்டார் என்று தெரிந்தது. அதை என்ன செய்தார் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. எல்லாப் பாடத்தையும் திரும்ப எழுதுவது என்று முடிவானது. ஆனால் புத்தகத்தைத் திறந்தால் ஒரு வரியும் மண்டையில் ஏறவில்லை.

அறுவடைக் காலம் வந்தது. நாவிதன்வெளியில் எங்களுக்குக் கொஞ்சம் வயல் இருக்கிறது. நான் அறைக்குள்ளேயே கிடப்பதைப் பொறுக்காமல், வாப்பாவுக்கான சோற்றுப் பார்சலோடு சாச்சாவின் ஓட்டோவில் உம்மா என்னை அங்கே அனுப்பினா. வீதியோரம் நெல் காயப் போட்டிருந்தது. நாங்கள் இறங்கவும் மழை கறுத்துக்கொண்டு வரவும் சரியாக இருந்தது. எல்லோரும் நெல்லைக் கூட்டிக் குவிக்க ஓடினார்கள். வாப்பா உழவு மெஷினின் இழுவைப் பெட்டிக்குள் இருந்து நெல் மூடும் படங்கு ஒன்றை இழுத்து உதறினார்.

விரிந்தது நான்தான். அதே பாதிக் கண், அதே 'எதிர்கால வைத்தியர்'.

சொறிக்கல்முனையிலிருந்து வேலைக்கு வந்திருந்த ஒரு அக்கா ஒரு மூலையைப் பிடித்தபடி, என்னையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தா.

"இது நீங்கதானே தங்கச்சி? மழை வந்தா ஒங்கள விரிச்சுத்தான் நாங்க நெல்லக் காப்பாத்துற."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெறுபேறு வந்ததற்குப் பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான். நானும் ஓடிப்போய் மறு மூலையைப் பிடித்தேன். எவ்வளவு இழுத்தும் குவியலின் ஒரு ஓரம் வெளியேதான் கிடந்தது. பக்கத்தில் நின்ற வாப்பாவிடம், இத்தனை நாள் கேட்கப் பயந்ததைக் கேட்டேன்.

"அடுத்த முறையும் கெடைக்காட்டி, வாப்பா?"

அவர் நனையும் நெல்லைப் பார்த்தார்.

"இதவிடப் பெருசா ஒண்டு அடிக்கச் சொல்லுவம் மகள். இது நெல்ல மூடக் காணாம இரிக்கி."

வீட்டுக்கு வந்து உடுப்பு மாற்றிய கையோடு புத்தகத்தை எடுத்தேன். அடுத்த பெறுபேறு வந்தபோது, எல்லாவற்றுக்கும் முதலில் அந்தக் கடைசி வரியைத்தான் பார்த்தேன். தாண்டியிருந்தேன். மருத்துவபீடமும் கிடைத்தது. சாச்சா மறுபடி பேனர் என்று கிளம்ப, "பழசு இன்னும் நல்லா இரிக்கி" என்று வாப்பா தடுத்துவிட்டார்.

இப்போது எனக்குக் கடைசி வருடம். ஊரில் மழை என்று உம்மா போனில் சொல்லும்போதெல்லாம் அந்தப் படங்கு நினைவுக்கு வருகிறது. ஊர் முன் தோற்றுப்போன என் முகத்தை வீசி எறியாமல், தன் ஒரு போக நெல்லையே அதை நம்பி ஒப்படைத்தாரே என் வாப்பா, நாளை எனக்குக் கிடைக்கப்போகும் எந்தப் பட்டமும் அதற்கு ஈடாகாது.