கைகாட்டி பார்க்க என் முறை

நான் மூன்றாவது வரைக்கும்தான் படித்தேன். இன்றைக்குக் கும்மிடிப்பூண்டியில் என் பட்டறையில் இன்ஜினியர்கள் என் முன்னால் உட்கார யோசிப்பார்கள். இதெல்லாம் எப்படி வந்தது என்று கேட்கிறவர்களிடம் உழைப்பு என்று சொல்லி அனுப்பிவிடுவேன். உழைத்தது நிஜம். ஆனால் முதல் படியை நான் உழைத்து ஏறவில்லை. இன்னொருத்தனை ஏறவிடாமல் ஏறினேன்.

ஐம்பதுகளில் எங்கள் ரயில் பாதையைச் சீண்ட ஆளில்லை. ஒற்றைத் தண்டவாளம், மக்கிப்போன கட்டைகள். மழை வந்தால் பெட்டிக்குள்ளேயே குடை பிடிக்க வேண்டும். எதிரே மெயில் வருகிறது என்றால் எங்கள் பாசஞ்சரைக் கவரப்பேட்டையில் ஓரம்கட்டிவிடுவார்கள். மெயில் போகிறவரை கிடக்க வேண்டியதுதான்.

இருட்டில் வீட்டைவிட்டுக் கிளம்பின ஜனம் அல்லவா? வெளிக்குப் போவது, பல் விளக்குவது எல்லாம் அந்தக் கிராசிங்கில், பக்கத்து ஏரிக்கரையில்தான். பெட்டிக்கு ஒருவர் முறை வைத்து வாசலில் நிற்பார். வண்டி கிளம்பலாம் என்று சிக்னல் கைகாட்டி இறங்கியதும் தூக்குச்சட்டியைக் கதவுக் கம்பியில் தட்டுவார். அந்தச் சத்தத்துக்குத்தான் எல்லோரும் ஓடிவருவார்கள். என்ஜின் சும்மாவே ஊதிக்கொண்டிருக்கும். அதை ஒருத்தரும் மதிப்பதில்லை.

அப்போது நானும் எளாவூர் அண்ணன் ஒருவரும் பட்டணத்தில் ஒரு மில்லில் பதிலி ஆட்கள். தினமும் வாசலில் நிற்போம்; யாராவது வராவிட்டால் மேஸ்திரி எங்களைக் கூப்பிடுவான். அண்ணனுக்கு மூன்று பெண் குழந்தைகள். எனக்கு முந்தின ஸ்டேஷனில் ஏறி, துண்டு போட்டு எனக்கு இடம் பிடித்துவைப்பார். ஒருநாள் மேஸ்திரி சொன்னான்: "நாளிக்கு ஒருத்தன பர்மனெண்ட் பண்றேன். சங்கு ஊதறப்போ எவன் நிக்கிறானோ அவனப் பாப்பேன். வராதவன் இனிமே இந்தப் பக்கமே வரக்கூடாது." வேலையில் என்னைவிட அண்ணன் கெட்டிக்காரர். இரண்டு பேரும் நின்றால் அவரைத்தான் எடுப்பான் என்று எனக்குத் தெரியும்.

மறுநாள் கைகாட்டி பார்க்க என் முறை.

வண்டி நின்றதும் அண்ணன் சட்டையைக் கழற்றித் தோளில் போட்டார். "நைனா, இன்னிக்கு குளிச்சிட்டுதான் மேஸ்திரி முன்னாடி நிக்கணும். நான் ஏரி அந்தாண்ட போறேன். கொஞ்சம் ஓங்கித் தட்டு, இன்னா?"

"போய்வாண்ணே. மெயிலே இன்னும் வர்ல" என்றேன்.

அன்றைக்கு மெயில் தாமதம். அதனால் எங்களை முதலில் விட்டுவிட்டார்கள். மெயில் போகாமல் பாசஞ்சர் கிளம்பி யாரும் பார்த்ததில்லை. ஏரியில் இருந்தவர் மெயிலின் சத்தத்தைத்தான் எதிர்பார்த்திருப்பார். கைகாட்டி இறங்குவதை நான் பார்த்தேன். தூக்குச்சட்டி என் கையில் இருந்தது. தட்டவில்லை.

சக்கரம் அசைந்ததும் பக்கத்தில் நின்றவர்கள் தொற்றி ஏறிக்கொண்டார்கள். உள்ளே இருந்த பூக்காரம்மா கத்தினாள்: "அடப் பாவி, மரம் கணக்கா நிக்கிறியே! அந்த ஆளு ஏரில கீறான், தட்டுடா!" சட்டியைப் பிடுங்க வந்தாள். நான் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன்.

கத்தல் கேட்டு அண்ணன் கரையேறி ஓடிவந்தார். இடுப்பில் ஈரத் துண்டு, ஒரு கையில் வேட்டியும் சட்டையும். நல்ல பாதையாக இருந்தால் வண்டி அவரை நொடியில் தாண்டியிருக்கும். அந்த மக்கின கட்டைமேல் அது ஊர்ந்தது. பெட்டிக்குச் சமமாக வெகுதூரம் ஓடினார். ஜல்லி குத்தி ஒரு காலை இழுத்து இழுத்து ஓடினார்.

"கைய குடு நைனா! கைய குடு!"

வாசலை அடைத்துக்கொண்டு நான் நின்றேன். அவர் விரல் என் முழங்காலில் பட்டது. நான் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன்.

"அடுத்த வண்டில வாண்ணே" என்றேன்.

அடுத்த வண்டி மத்தியானம். அது அவருக்கும் தெரியும். என் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். ஓடுவதை நிறுத்திவிட்டார்.

சங்கு ஊதும்போது மில் வாசலில் நான் ஒருத்தன்தான். "எங்கடா உன் ஜோடி?" என்றான் மேஸ்திரி. வண்டியைத் தவறவிட்டார் என்று சொல்லியிருந்தால் ஒருநாள் பொறுத்திருப்பானோ என்னவோ. நான் அதற்கும் இடம் வைக்கவில்லை. "அவருக்கு இந்த வேலை பேஜாரா கீதாம். இனிமே வர மாட்டாராம்" என்றேன். பதிவேட்டில் என் பெயர் ஏறியது. அங்கேதான் லேத் பழகினேன். அந்தக் கைப்பழக்கத்தை வைத்துத்தான் பிற்பாடு சொந்தப் பட்டறை போட்டேன்.

அண்ணன் மத்தியானம் வந்து வாசலில் நின்றதாகவும், காவலாளி விரட்டிவிட்டதாகவும் கேள்விப்பட்டேன். அப்புறம் வரவில்லை. செங்கல் சூளைக்குக் குடும்பத்தோடு போய்விட்டதாக யாரோ சொன்னார்கள். நான் விசாரிக்கவில்லை.

பெட்டியில் எனக்கு இடம் போனது. பட்டணம் வரைக்கும் நின்றுகொண்டே போவேன். அது பெரிய விஷயமில்லை, கால் பழகிவிட்டது. கவரப்பேட்டையில்தான் கஷ்டம். வண்டி நின்றதும் பூக்காரம்மா எல்லாரும் கேட்கிற மாதிரி சொல்லுவாள்: "எறங்குப்பா, எறங்கு. உனுக்கு நாங்க தட்றோம்." பெட்டியே சிரிக்கும்.

பட்டணத்தில் குடியேறுகிறவரை ஏழெட்டு வருஷம் அந்த வண்டியில் போனேன். வயிறு எப்படி முறுக்கினாலும் அந்தக் கிராசிங்கில் நான் ஒருநாள்கூட இறங்கியதில்லை.