குண்டூசிக்கு அடியில் ஒரு பெயர்

சிவசைலத்தின் வீட்டில் சாமான் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. குண்டூசி மட்டும் ஏராளமாக உண்டு. காலையில் பாயைச் சுருட்டும்போது ஒன்று குத்தும். சட்டைப் பையில் கையை விட்டால் இன்னொன்று குத்தும். பாளையங்கோட்டையில் ஒரு அரசாங்க ஆபீஸில் குமாஸ்தாவாக இருக்கிற, கல்யாணம் பண்ணிக்கொள்ளாத ஐம்பத்திரண்டு வயது மனிதருக்கு இத்தனை குண்டூசி எதற்கு என்று தெருவில் யாரும் கேட்டதில்லை. அவரிடம் யாரும் எதுவுமே கேட்பதில்லை.

அத்தனையும் அவர் நடத்துகிற 'நீர்க்கோடு' பத்திரிகைக்காகத்தான். மூன்று மாதத்துக்கு ஒரு முறை வரும், கவிதையைத் தவிர வேறு எதையும் போடாது. முந்நூறு பிரதிதான் என்றாலும் அட்டையில் 'அகில இந்தியக் கவிதை இதழ்' என்று இருக்கும். சும்மா பந்தாவுக்குப் போட்டதில்லை. அஸ்ஸாமிலும் ஒரிஸாவிலும் இன்றைக்கு எழுதிக்கொண்டிருக்கிற ஆட்களின் கவிதைகள் மொழிபெயர்ப்பாக அதில் வரும். பம்பாய், டெல்லி, கல்கத்தா வாசகசாலைகளுக்கெல்லாம் பிரதி போகும்.

அவர் கவிதை படிக்கிற முறைதான் விசித்திரம். தபால் எல்லாம் அச்சாபீஸ் முகவரிக்கு வரும். அச்சாபீஸ்காரர் ஜேசுதாசன் உறையைப் பிரித்து, கவிதைக்கு அடியில் இருக்கும் பெயரை மடித்துக் குண்டூசி குத்திவிடுவார். அனுப்புகிறவர்கள் பதிலுக்காகத் தங்கள் முகவரி எழுதிய கார்டு ஒன்றையும் வைக்க வேண்டும். அதையும் முகவரி உள்பக்கம் போகும்படி வைத்து இன்னொரு குண்டூசி. சிவசைலம் படித்துப் பார்த்து, பிடித்திருந்தால்தான் பெயரைப் பிரிப்பார். பிடிக்காவிட்டால் கார்டைத் திருப்பாமலேயே காரணத்தை ரெண்டு வரி எழுதி, கவிழ்த்தபடியே ஜேசுதாசனிடம் தபாலுக்குக் கொடுத்துவிடுவார். யாரை வேண்டாம் என்று சொன்னோம் என்பது அவருக்கே தெரியாது. வீம்புதான், வேறென்ன சொல்ல?

அந்த வீம்பு வந்த கதையைச் சொல்ல வேண்டும். பத்திரிகை ஆரம்பித்தபோது ஆசிரியர்கள் ரெண்டு பேர். இன்னொருவர் ஐயம்பெருமாள், ஏரலில் கணக்கு வாத்தியார். சனிக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறி வந்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் ரெண்டு பேரும் குறுக்குத்துறையில் போய் ஆற்றில் விழுவார்கள். பிறகு நாள் முழுக்கக் கவிதையும் சண்டையும்தான். சிவசைலத்தின் வாழ்க்கையில் கலகலப்பு என்று இருந்தது அந்த ஒரு நாள்தான்.

1982-ல் சிவசைலத்தின் மேலதிகாரி, கவிதை என்று ஒன்றை எழுதிக் கையில் கொடுத்தார். ஐயம்பெருமாளிடம் காட்டாமலே அது முதல் பக்கத்தில் அச்சாகிவிட்டது.

"உங்க ஆபீசரு எழுதலன்னா இதப் போட்டிருப்பியாலே?" என்று கேட்டார் ஐயம்பெருமாள்.

"நல்ல கவிதைலே அது."

"முகத்தப் பாத்துப் போட்டிருக்க. ஆமான்னு ஒரு வார்த்த சொல்லு, விட்டுருதேன்."

"இல்லவே இல்ல."

ஐயம்பெருமாள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். அடுத்த சனிக்கிழமை வரவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் வரவில்லை. ஏரல் ஒன்றும் அடுத்த தேசம் இல்லை, ஒரு பஸ் தூரம்தான். ஆனாலும் இவரும் போகவில்லை. போனால் ஆமாம் என்று சொல்ல வேண்டியிருக்கும். அதற்குப் பதிலாகத்தான் குண்டூசி வந்தது. நான் முகம் பார்க்கிறவன் இல்லை என்று பன்னிரண்டு வருஷமாக, வராத ஒரு ஆளுக்கு நிரூபித்துக்கொண்டிருந்தார்.

ஊர் ஊராக எத்தனையோ பேரின் கையெழுத்து அவருக்குப் பழக்கம். காய்ச்சல் வந்து நாலு நாள் படுத்தால் கஞ்சி வைத்துத் தர ஆள் கிடையாது. ஞாயிற்றுக்கிழமைதான் மோசம். ஹோட்டலில் சாப்பிட்டுவிட்டு வந்தால், மறுநாள் ஆபீஸில் யாராவது பேசுகிறவரைக்கும் அவர் குரலை அவரே கேட்க முடியாது. சில சமயம் கவிதைகளை உரக்கப் படிப்பார். கவிதை மேல் இருந்த பிரியத்தில் மட்டும் இல்லை.

1994 ஆடியில் ஒரு கவிதை வந்தது. இளம்பெண்ணின் கையெழுத்து. ரெண்டு பேர் ஆற்றில் இறங்குகிறார்கள், ஒருவன் மட்டும் கரையேறிச் சட்டையைத் தேடுகிறான். திருநெல்வேலிப் பக்கத்தில் ஆற்றைப் பற்றி எழுதாத ஆள் யார்? மாதம் முப்பது வரும். கடைசியில் இப்படி நாலு வரி:

ஆவணி முதல் வியாழன்
மாலை வண்டிக்கு ஜங்ஷனில் இருப்பேன்
ஊரை விட்டுப் போகிறேன்
பார்க்க வருவாயா

சிவசைலம் உதட்டைப் பிதுக்கினார். கார்டை எடுத்து, திருப்பாமல் எழுதினார்: 'ஆறு பரவாயில்லை. கடைசி நாலு வரி கவிதையல்ல, கடிதம். உரியவருக்கே அனுப்பிவிடுங்கள்.' நறுக்கென்று எழுதிவிட்டோம் என்று கொஞ்சம் சந்தோஷம்கூட. தாளைக் குண்டூசியோடு தகரப் பெட்டியில் போட்டார்.

ஆவணி பாதியில் ஒரு கார்டு வந்தது. அனுப்பியவர் முகவரி இல்லை. எழுத்துகள் சின்னப் பிள்ளை எழுதியதுபோல ஆளுக்கொரு பக்கம் சாய்ந்திருந்தன. 'உரியவருக்குத்தான் அனுப்பினேன். உன் பதில் கிடைத்தது. இருந்தாலும் ஆறு மணியிலிருந்து வண்டி கிளம்புகிறவரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஐயம்பெருமாள்.'

தகரப் பெட்டியைக் கவிழ்த்துக் கொட்டி அந்தத் தாளைத் தேடி எடுத்தார். அவசரத்தில் குண்டூசி விரலில் ஏறியது. மடிப்பைப் பிரித்தால் அதே பெயர் இருந்தது.

"எனக்கு அந்தப் பேரு யாருன்னே தெரியாதே அண்ணாச்சி. ஒரு வார்த்த சொல்லியிருந்தியன்னா ஓடி வந்திருப்பனே" என்றார் ஜேசுதாசன். அவர் அச்சாபீஸை வாங்கியது சண்டைக்கெல்லாம் பிறகு. ஐயம்பெருமாள் என்று ஒருவர் இருந்ததை சிவசைலம் அவரிடம் சொன்னதே இல்லை.

மறுநாள் லீவு போட்டுவிட்டு ஏரலுக்குப் போனார். வீடு பூட்டிக் கிடந்தது. பக்கத்து வீட்டு பாக்கியவதி வெளியே வந்தாள்.

"வாதம் வந்து வலது கை விழுந்து ஒரு வருசமாச்சு சார். அவரு சொல்லச் சொல்ல மக எழுதிக் குடுப்பா. கார்டு மட்டும் இடது கையால அவரே கிறுக்குவாரு. அவதான் இப்ப பம்பாய்க்குக் கூட்டிட்டுப் போயிட்டா. வெலாசம் எங்ககிட்ட இல்லையே."

"ஏதும் சொல்லிட்டுப் போனாரா?"

"ஒண்ணும் சொல்லல. ஸ்டேஷனுக்கு ஒருத்தரு வருவாருன்னு புதுச் சட்ட போட்டுக்கிட்டுப் போனாரு. நீங்க யாரு சார்?"

சிவசைலம் பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தார். திரும்பி வரும் பஸ்ஸில் வெளியே பார்க்கிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார். ஒருவன் ஒரு கையை இழந்து, இன்னொருவர் கையால் எழுதி, வாசல் வரை வந்திருக்கிறான். அவனை முகம் பார்க்காமல் திருப்பி அனுப்பியதைப் பெருமையாக வேறு நினைத்தோமே என்று இருந்தது.

கடிதம் போட முகவரி இல்லை. பம்பாய்க்குப் போகிற வழி என்று அவரிடம் இருந்தது அந்த ஊர் வாசகசாலைக்குப் போகும் பத்திரிகை ஒன்றுதான்.

புரட்டாசி இதழுக்கு அந்தத் தாளைக் கொண்டுபோய்க் கொடுத்தார். ஜேசுதாசன் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"அண்ணாச்சி, இது நீங்க வேண்டாம்னு ஒதுக்கினதுல்லா?"

"ஆமா. முதப் பக்கத்துல வரட்டும். கடைசி நாலு வரியும் சேத்து."

"நல்லாவா இருக்கு?"

"இல்ல."

"பொறவு?"

"எழுதினவன் முகத்துக்காகப் போடுதேன். அச்சுக் கோத்துருங்க."

இதழ் போனதும் வசவுக் கடிதங்கள் வந்தன. நீர்க்கோட்டுக்கு என்ன ஆயிற்று, ஆசிரியருக்கு உடம்பு சரியில்லையா என்று கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார். சிவசைலம் எல்லாவற்றையும் ஒழுங்காகப் படித்தார். அவர்கள் சொன்னதில் தப்பு இல்லை. ஐப்பசி முடிந்தது. கார்த்திகையும் பாதி போய்விட்டது. தினமும் ஆபீஸ் விட்டதும் அச்சாபீஸ் வாசலில் வந்து நிற்பார். ஜேசுதாசன் இல்லை என்று தலையை மட்டும் ஆட்டுவார்.

ஒரு செவ்வாய்க்கிழமை ஜேசுதாசன் தலையாட்டவில்லை. ஒரு கார்டை நீட்டினார். அதே சாய்ந்த எழுத்து.

'ஏலே, அந்த நாலு வரிய எப்படிலே போட்ட? முகத்தப் பாத்துத்தான போட்ட? உண்மையச் சொல்லு.'

கீழே பம்பாய் முகவரி ஒன்று முழுசாக இருந்தது.

சிவசைலம் நின்ற இடத்திலேயே ஒரு கார்டு கேட்டு வாங்கினார். முதலில் முகவரிப் பக்கத்தைத் திருப்பி, ஐயம்பெருமாள் என்று நிதானமாக எழுதினார். பிறகு மறுபக்கத்தில், பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டிய ஒரே ஒரு வார்த்தையை எழுதினார்.

'ஆமாலே.'