ரொட்டிக்காரம்மா வீட்டு முன்சுவர்

அந்தத் தெருவில் அவளை எல்லோரும் ரொட்டிக்காரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். கல்யாணத்துக்கு முன்பு ஒரு பெரிய பேக்கரியில் ரொட்டிக்குக் காகிதம் சுற்றும் வேலைக்குப் போனவள், அடுப்பு மாஸ்டர் லீவு போட்ட நாட்களில் மாவில் கை வைத்துத் தொழிலைப் பிடித்துக்கொண்டாள். பிள்ளைகள் பிறந்த பிறகு வீட்டின் பின்பக்கம் ஒரு அடுப்பைப் போட்டாள். யாராவது வந்து கேட்டால் ஜன்னல் வழியாக எடுத்துக் கொடுப்பாள். ஜன்னல் வியாபாரத்தில் என்ன மிஞ்சிவிடும்? முன்னறையைக் கடையாக்கிவிட வேண்டும் என்பது அவளுடைய வெகுநாள் ஆசை.

புருஷன் லாரி ஓட்டுகிறவர். தங்கமான மனுஷர்தான், ஆனால் சரியான அவசரக்குடுக்கை. சோறு தட்டில் விழுவதற்குள் கை கழுவ எழுந்துவிடுவார் என்று அவளுடைய தங்கை கேலி செய்வாள். வண்டியில் ஏறிவிட்டால் மட்டும் ஆளே வேறு. ஸ்டியரிங் பிடித்த நாளிலிருந்து அவர் வண்டியில் ஒரு கீறல் விழுந்தது கிடையாது. அதை அவர் பீற்றிக்கொள்ளாத கல்யாண வீடும் கிடையாது. கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போன ரொட்டிக்காரம்மா, அவர் ஆரம்பித்தாலே கேலி செய்வாள்.

இப்போது அவருக்கு இடுப்பு விட்டுப்போய்விட்டது. வண்டியிலிருந்து இறங்கியதும் கதவைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் நின்றுவிட்டுத்தான் நடக்கிறார். கடை திறந்ததும் வண்டியை விட்டுவிட்டுக் கல்லாவில் உட்கார்ந்துவிடுவது என்று இருவரும் பேசி வைத்திருந்தார்கள். அதற்குள் என்ன அவசரமோ, இந்த மாதத்தோடு நின்றுகொள்கிறேன் என்று முதலாளியிடம் சொல்லியும் விட்டார்.

வீட்டைக் கடையாக்குவதற்கு நகரமைப்பு அலுவலகத்தின் அனுமதி வேண்டும். அதற்காக ரொட்டிக்காரம்மா நடையாய் நடந்தாள். புகைபோக்கி எவ்வளவு உயரம், வருகிறவர்கள் வண்டியை எங்கே நிறுத்துவார்கள் என்று குடைந்து குடைந்து கேட்டார்கள். அடுப்பு எவ்வளவு பெரியது என்று கேட்டபோது, இருப்பதில் பாதியைக் கூசாமல் சொல்லிவிட்டு வந்தாள். கடைசியில் ஆய்வாளர் நேரில் வந்து பார்ப்பது ஒன்றுதான் பாக்கி. அனுமதி கைக்கு வரும்வரை ஒரு செங்கல்லைக்கூட அசைக்கக் கூடாது, அசைத்தால் விண்ணப்பம் தள்ளுபடி, மறுபடி போட ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும் என்று அவர் முன்கூட்டியே எச்சரித்திருந்தார். இதை அவள் புருஷனிடம் படித்துப் படித்துச் சொன்னாள். அவரும் பூம்பூம் மாடு மாதிரி தலையை ஆட்டினார்.

வருகிறேன் வருகிறேன் என்று ஆய்வாளர் இழுத்தடித்துக்கொண்டே இருந்தார். பொறுமை கெட்டு ஒருநாள் காலை அவர் மேஜைக்கு எதிரே போய் நின்றுவிட்டாள். இவளை அனுப்பினால் போதும் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். இப்போதே பார்த்துவிடலாம் என்று ஜீப்பை எடுக்கச் சொல்லி, அவளையும் ஏற்றிக்கொண்டார்.

ஜீப்பில் உட்கார்ந்து புருஷனுக்குப் போன் போட்டாள். மணி அடித்தது, எடுக்கவில்லை. திரும்பத் திரும்பப் போட்டாள். வீட்டில்தான் இருக்கிறார், லாரி வாசலில்தான் நிற்கிறது, எடுப்பதற்கு என்ன?

தெரு முனை திரும்பும்போதே கடப்பாரை இடிக்கும் சத்தம் கேட்டது. வேறு யார் வீடாகவாவது இருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டாள். அவள் வீடுதான். முன்சுவரில் ஆள் நுழைகிற அளவுக்கு ஓட்டை. தலை முதல் கால் வரை செம்மண் நிறத்தில் புருஷன் நின்றார், பக்கத்தில் கொத்தனார். நாளைக்கு வெளியூர் வேலைக்குப் போகிறேன் என்று கொத்தனார் முந்தின நாளே சொல்லியிருந்தார். இன்றைக்கு விட்டால் ஆள் கிடைக்க மாட்டார், அதனால் ஆரம்பித்திருக்கிறார்கள். யாரும் சொல்லாமலே அவளுக்குப் புரிந்துவிட்டது. அங்கேயே அவரை நாலு அறை அறையலாம் போல இருந்தது.

ஜீப்பைப் பார்த்ததும் கொத்தனார் கடப்பாரையைக் காலால் தள்ளி மறைத்தார். ஆய்வாளர் இறங்கி ஓட்டையைப் பார்த்தார். “என்னங்க இது?” என்றார்.

புருஷனின் கண்கள் அங்கும் இங்கும் அலைந்து, வாசலில் நின்ற லாரியில் போய் நின்றன.

“வண்டிய ரிவர்ஸ் எடுத்தேன் சார். கவனிக்கல. இடிச்சுட்டேன். தப்பு என் மேலதான்.”

ஆய்வாளர் லாரியைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். நம்பினாரா, இல்லை அவருக்கும் இதுதான் வசதியாக இருந்ததா, தெரியாது. விபத்து என்றால் பிரச்சினை இல்லை, ஓட்டியவர் கவனக்குறைவால் இடித்துவிட்டார் என்று இருவரும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் போதும் என்றார். பிறகு அவள் பக்கம் திரும்பினார்.

“நீங்க சொல்லுங்கம்மா. வண்டிதான் இடிச்சதா?”

ஆமாம் என்று சொன்னால் போதும், கடை வந்துவிடும். அடுப்பின் அளவில் பொய் சொன்னவளுக்கு இது பெரிய காரியமில்லை. புருஷன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார். கல்யாண வீடுகளில் நெஞ்சை நிமிர்த்தி நிற்கிற மனுஷர். அந்தத் தலையை அப்படிப் பார்க்க அவளால் முடியவில்லை.

“வண்டி இடிக்கல சார். கடப்பாரைதான் இடிச்சுது. இவர் வண்டி இதுவரைக்கும் எதையும் இடிச்சதில்ல.”

கொத்தனார் தலையில் கை வைத்துக்கொண்டார். ஆய்வாளர் விண்ணப்பத்தை எடுத்து எழுதினார். விண்ணப்பம் தள்ளுபடி, சுவரைப் பழையபடி கட்ட வேண்டும். ஜீப் போய்விட்டது.

“உனக்குப் பைத்தியமா? நான்தானே பழிய ஏத்துக்கிட்டேன். உனக்கென்ன போச்சு?” என்றார் புருஷன்.

இத்தனை வருஷம் அவரைக் கேலி செய்தே பழகியவள், அந்தப் பெருமையில் தனக்கும் பாதி உண்டு என்று எப்படிச் சொல்வாள்? குனிந்து உடையாத செங்கற்களைப் பொறுக்கித் தனியாக அடுக்கினாள். அவர் உள்ளே போனார். சுவரில்தான் ஓட்டை இருக்கிறதே, போனில் அவர் பேசியது அப்படியே வெளியே கேட்டது.

“முதலாளி, நான்தான். அந்த வேலைய வேற யாருக்கும் குடுத்துடாதீங்க. நானே ஓட்டுறேன். ஒரு வருஷமாவது… இடுப்பா? இடுப்பெல்லாம் இப்ப நல்லாயிருச்சு முதலாளி.”

ரொட்டிக்காரம்மா கையிலிருந்த செங்கல்லோடு அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டாள்.