மெத்தைமேல் சார்ஜ் ஏறிய லேப்டாப்

அனிமேஷன் படிக்கும் என் மகள் ஜெனிக்காக, வேளச்சேரியில் ஒருவரிடம் பழைய கேமிங் லேப்டாப் வாங்கினோம். "ரேம் மட்டும் கூட்டிக்கோங்க, பறக்கும்" என்றார் விற்றவர். டச்பேட் சரியாக அழுந்தவில்லை. பழைய பொருள்தானே என்று விட்டுவிட்டேன்.

பத்து நாள் கழித்து, ரேம் கூட்ட அதை தி.நகரில் ஒரு சர்வீஸ் கடைக்கு எடுத்துப் போனேன். மேசையில் வைத்ததும் லேப்டாப் லேசாக ஆடியது. மெக்கானிக்கின் முகம் மாறிவிட்டது.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க மேடம். இத எப்படி எடுத்தாந்தீங்க?"

"பஸ்ல, மடியில வெச்சுக்கிட்டு..."

அவர் மணல் வாளியைக் காலருகே இழுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு திருகாகக் கழற்றினார். கடைசித் திருகு வந்ததும் அடிமூடி தானாகவே எழும்பியது. உள்ளே பேட்டரி தலையணைபோல் உப்பியிருந்தது.

"வீங்கி கீது மேடம். அதான் டச்பேட மேல தள்ளிக்கினு இருந்துச்சு. ஓட்டை வுழுந்தா நெருப்பு புடிச்சிக்கும்."

இணைப்பைப் பிரித்து, பேட்டரியை அவர் மணலில் இறக்கினார். ஜெனி தினமும் அதை மெத்தைமேல் சார்ஜ் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே தூங்குவாள். அதை நினைத்ததும் அங்கிருந்தே அவளுக்குப் போன் செய்தேன்.

புது பேட்டரி போட்ட பிறகுதான் ரேம் பற்றியே பேசினோம். இப்போது தெரிந்தவர்கள் யாராவது பழைய லேப்டாப் வாங்கப் போனால் நானும் கூடப் போகிறேன். சமமான மேசையில் வைத்து ஆடுகிறதா என்று பார்க்கிறேன். டச்பேடை நாலு மூலையிலும் அழுத்துகிறேன். அளவுக்கு மீறிச் சூடாகிறதா என்று பார்க்க, அரை மணி நேரம் கேம் ஓட்டிக் காட்டச் சொல்கிறேன். விற்பவர் முகம் சுளித்தால், வாங்காமலே திரும்பிவிடுகிறோம்.

- ரீட்டா, அபிராமபுரம்