கனவுக்குள் ஒரு பெஞ்சு

தகரக் கூரையின் வெக்கை முதுகில் இறங்க, அம்மாவின் பழைய கைப்பேசி அதைவிடச் சூடாக உள்ளங்கையில் கொதிக்க, தாராவியில் எங்கள் ஒற்றை அறைக்கு மேலே "மாலா" என்று நாங்கள் சொல்லும் பரணில் குப்புறப் படுத்து நான் ஆடிய விளையாட்டில், சுடவோ ஜெயிக்கவோ எதுவும் கிடையாது. ஒரு சிறுமி உறங்குவாள். கண் முளைத்த மரங்களுக்கும் கீழிருந்து மேலே பெய்யும் மழைக்கும் நடுவே அவளுடைய கனவில் நாம் நடக்க வேண்டும், அவ்வளவுதான். பழைய விளையாட்டொன்றின் மேல் பைத்தியமான ரசிகர்கள் ஆளுக்கொரு கனவாகச் சேர்த்துக் கட்டியது அது. இணையத்தில் ஆடினால் முகம் தெரியாதவர்களின் பொம்மைகளும் குறுக்கே நடக்கும்.

எனக்கு அதைக் காட்டியவள் பக்கத்து வீட்டு முத்து. அந்தக் கனவில் மஞ்சள் கடலோரத்தில் கிடந்த ஒரு பெஞ்சுதான் எங்கள் இடம். ஏழாம் வகுப்பு முடிந்ததும் அவர்கள் பாண்டுப்புக்குக் குடிபோனார்கள். டெம்போவில் ஏறும்போது, "தெனமும் ஸ்கூல் விட்டதும் பெஞ்சுக்கு வந்துருட்டி, நானும் வந்துருவேன்" என்றாள்.

எனக்குக் காலை ஷிப்டுப் பள்ளி. அந்த ஜூனில்தான் அம்மா மாஹிமில் சாயங்காலச் சமையல் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். ஒரு மணிக்கு வந்து, ஐந்து மணிக்கு அவள் கைப்பேசியோடு கிளம்பும்வரை பெஞ்சில் காத்திருப்பேன். யார் யாரோ வந்து போனார்கள், முத்து வரவில்லை. "ஏட்டி, அந்தப் பிள்ள ஒறங்குனது போதும், நீ எந்திச்சு ரெண்டு வாய் சாப்பிடு" என்று ஏணியடியிலிருந்து அம்மா சத்தம் போடுவாள். அழுகை தெரிந்துவிடும் என்று இறங்க மாட்டேன். புது இடத்தில் புதுச் சிநேகிதிகள் கிடைத்துவிட்டார்கள், நான் எதற்கு என்று ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. போன் பண்ணியிருக்கலாம், அவள்தான் முதலில் பண்ண வேண்டும் என்று வீம்பாக இருந்தேன். இரண்டு மாதத்தில் அந்த விளையாட்டைத் தொடுவதையே விட்டுவிட்டேன்.

பல வருஷம் கழித்து, போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் முத்துவைப் பார்த்தேன். பந்தியில் உட்காருவதற்குள், ஏன் வரவில்லை என்று கேட்டேவிட்டேன். "நானா வரல? எனக்கு அங்க தோபஹர் ஷிப்டுல்லா. ஆறரைக்கு வந்து ஒத்தையில கெடப்பேன். சாயங்காலம் போன் ஒங்கிட்டதான இருக்கும்னு நெனச்சேன். நீதான் வரல" என்றாள். அவளுக்கு மதிய ஷிப்டு என்று எனக்குத் தெரியாது. அம்மா வேலைக்குப் போனது அவளுக்குத் தெரியாது. இருவரும் சிரித்தோம், நம்பர் வாங்கிக்கொண்டோம்.

இன்று எங்கள் வீட்டு வரிசையை இடித்துவிட்டார்கள். விளையாட்டிலும் அந்தக் கடலோரத்தை எடுத்துவிட்டிருக்கிறார்கள். கோபம் இருந்தவரை முத்துவை நினைக்காமல் ஒரு நாளும் போனதில்லை. அதுவும் போனபிறகு, அவளுடைய நம்பரை வைத்துக்கொண்டு என்ன பேசுவதென்று தெரியாமல் இருக்கிறேன்.