இருபத்தைந்து கோடு

ஒன்பதாவதில் நான் ஒருமுறை தேறாமல் போனதால், என்னைவிட ஒரு வயது இளைய தம்பியும் நானும் ஒரே வகுப்பில் உட்கார வேண்டியதாயிற்று. தாம்பரத்தில் இருந்த அந்தப் பள்ளியில் அவன் முதல் பெஞ்சு, நான் கடைசி பெஞ்சு. அவன் மார்க் வாங்கினாலும் அது என் தலையில்தான் வந்து விடியும். "தம்பியைப் பார்த்துக் கத்துக்கோ" என்பார்கள்.

பள்ளிக்கு ஒரே ஒரு மைக்ராஸ்கோப். உயிரியல் சார் அதைக் கைக்குழந்தையைப் போல இரண்டு கைகளாலும் தூக்கி வந்து ஜன்னலோரம் வைப்பார். கண் வைக்கும் குழாய்க்குள் மெல்லிய கோடுகள் போட்ட கண்ணாடி வில்லை ஒன்று இருந்தது. வெங்காயத் தோலின் ஒரு செல் எத்தனை கோடு நீளம் என்று எண்ணிச் சொல்ல வேண்டும். ஒரு கோடு என்பது மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு என்று சார் முன்பே கணக்கிட்டுக் கரும்பலகையில் எழுதியிருந்தார். பெருக்கினால் விடை.

வரிசையில் நின்று ஒவ்வொருவராகக் குனிந்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்து, பின்னால் நிற்பவன் இடிப்பதற்குள் நிமிர வேண்டும். அதற்குள் பெரும்பாலோர் கண்டது தங்கள் இமைமுடியைத்தான். ஆனாலும் சார் "தெரியுதா?" என்றால் "தெரியுது சார்" என்பதுதான் வழக்கம். முதல் பையன் உண்மையாகவே எண்ணி இருபத்தைந்து என்றான். பிறகு எல்லோருக்கும் இருபத்தைந்து. தன்மானம் உள்ள ஓரிருவர் மட்டும் இருபத்துநான்கு என்றார்கள்.

தம்பி குனிந்தான். வெகுநேரம் நிமிரவில்லை.

"ஒண்ணும் தெரியல சார். இருட்டா இருக்கு."

"இவ்வளவு பேருக்குத் தெரிஞ்சது உனக்கு மட்டும் தெரியலையா?"

பம்மலிலிருந்து வரும் பையன் ஒருவன் பின்னாலிருந்து குரல் கொடுத்தான். "இன்னாடா, கண்ணைத் தொறந்துகினு பாரு! தூங்கினு கீறான் சார்!"

வகுப்பே சிரித்தது. சார் என்னைக் கூப்பிட்டார். "நீ வந்து பாருடா."

நான் குனிந்தேன். வெளிச்சமான ஒரு வட்டம். அதன் நடுவே என் இமைமுடி. வேறொன்றும் இல்லை.

"நல்லாத் தெரியுது சார். இருபத்தஞ்சு கோடு."

சார் தம்பியிடம் திரும்பி, "உங்க அண்ணனைப் பார்த்துக் கத்துக்கோ" என்றார். என் வாழ்க்கையில் அதுவே முதல் தடவை. அதை நான் ரசித்தேன். மறைப்பதற்கில்லை.

மாலையில் சிட்லபாக்கம் ஏரிக்கரையோரம் வீட்டுக்கு நடந்தபோது தம்பி கேட்டான். "அண்ணா, உனக்கு நெஜமாவே தெரிஞ்சுதா?"

"எவனுக்குடா தெரிஞ்சுது? எனக்கும் இருட்டுதான். தெரியுதுன்னு சொல்லிட்டு வரணும், அவ்ளோதான். இனிமே என் மானத்தை வாங்காத."

"அப்ப எல்லாருக்கும் இப்படித்தானா? அப்பாகிட்ட சொல்லலாம்னு இருந்தேன்."

"சொல்லு. பாடத்தைக் கவனிக்கலைன்னு உதை வாங்கு."

அவன் முகம் தெளிந்தது. அதற்குப் பிறகு கல் ஒன்றை உதைத்துக்கொண்டே வீடு வரை வந்தான். அடுத்த வகுப்பில் எல்லோரையும் போல அவனும் "தெரியுது சார்" என்றான்.

சில வருடங்கள் கழித்து, வேலைக்குச் சேரும் முன் நடந்த பரிசோதனையில் டாக்டர் அவனுடைய இடது கண்ணைப் பொத்தி எதிரே இருந்த எழுத்துகளைப் படிக்கச் சொன்னார். அவனால் எழுத்துகள் இருந்த சுவரையே பார்க்க முடியவில்லை. கண் அழுத்தம், வலி இல்லாமலே வந்துவிடும் என்றார். வலது கண் பள்ளி நாளிலேயே போயிருக்க வேண்டும். அப்போதே தெரிந்திருந்தால் இடது கண்ணையாவது காப்பாற்றியிருக்கலாம், இப்போது அதிலும் பாதிதான் மிச்சம் என்றார்.

"ஏண்டா சொல்லல?" அப்பா அவன் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"ஒத்தைக் கண்ணால பார்த்தா எல்லாருக்கும் இருட்டாத்தான் இருக்கும்னு நெனச்சேம்ப்பா."

அவன் என் பக்கம் திரும்பவில்லை. நானும் வாய் திறக்கவில்லை. அப்பா இறக்கும்வரை திறக்கவில்லை.

நான் கண்ட வட்டத்தில் வெளிச்சம் இருந்தது. அவனுக்கு அந்த வெளிச்சமே இல்லை. இரண்டும் ஒன்றல்ல என்று அந்த வயதில் எனக்குத் தோன்றவில்லை. ஏரிக்கரையில் அவன் தன் கண்ணைப் பற்றிக் கேட்டிருக்கிறான். நான் வெங்காயத் தோலைப் பற்றிப் பதில் சொல்லியிருக்கிறேன்.